சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகப் பறப்பதா, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறுவதா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம், பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏறுபவருக்கு அங்கே போக இரண்டு வழிகள் உண்டு: எங்கும் நிற்காத விமானம் ஒன்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று செல்வது மற்றொன்று. ஃபிராங்க்ஃபர்ட் வழியில் தூரம் சுமார் 16,470 கிலோமீட்டர். கூடுதலாக வரும் 1,100 சொச்சம் கிலோமீட்டரை ஒரு ஜெட் விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் நேர் விமானம் பத்தொன்பது மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கிறது; நின்று செல்வதோ ஏறக்குறைய ஒரு முழு நாளை எடுத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஃபிராங்க்ஃபர்ட்டில் கழிகிறது. மீதியில் பெரும்பங்கு காற்றுக்குரியது. நடு அட்சரேகைப் பகுதிகளில் விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் என்னும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், ஐரோப்பா வழியாகச் செல்லும் விமானம், குறிப்பாக அட்லாண்டிக்கைத் தாண்டும்போது, அதை எதிர்த்தே போக வேண்டும். நேர் விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கின் வடபகுதியைக் கடந்து, அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குள் நுழைகிறது. வட துருவத்தை ஒட்டிய மிகக் குறுகிய பாதையை விட்டு நீண்ட பாதையில் போவது இந்த லாபத்துக்காகத்தான். திரும்பும்போதும் அது வழக்கமாக அட்லாண்டிக் மீது கிழக்கு நோக்கியே பறப்பதால், போய்வந்தவர் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியவராகிறார்.

இந்தச் சேவைக்கென்றே உருவான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்தப் பாரத்துக்கு ஈடாக இருக்கைகளை 161 ஆகக் குறைத்திருக்கிறார்கள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்துடன் நியூயார்க்கை ஒட்டிய நுவார்க் விமான நிலையத்துக்குத் தொடங்கிய நேர் சேவை, எரிபொருள் செலவு தாங்காமல் 2013இல் நின்று, 2018இல் மீண்டும் வந்ததற்கு இந்த இரண்டு எஞ்சின் விமானமே காரணம்.

ஆகவே கையிருப்பு அளவாக உள்ள குடும்பத்துக்கு, இந்த இரண்டில் ஃபிராங்க்ஃபர்ட் வழிதான் பொருந்தும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கைப்பைகளோடு இறங்கி மறுபடியும் வரிசையில் நிற்பது சிரமமே. எனினும் பதினான்காம் மணி நேரத்தில் குனிந்து காலணியை மாட்டப் பார்த்து, வீங்கிய பாதம் நுழைய மறுப்பதை உணர்ந்த முதியவருக்கு, அந்த இரண்டு மணி நேர நடை பெரிய ஆறுதல்.

ஒரு திசைக்கு மட்டுமே நேர் விமானத்தில் செல்லக் கட்டுப்படியாகும் என்றால், அதைப் போகும் பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. திரும்பி வரும்போது ஃபிராங்க்ஃபர்ட் வழி விமானத்துக்கும் காற்று துணைநிற்பதால், நேர வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.