லித்தியத்துக்கு மாறி மூன்று வருடம்: அந்த மீட்டரை மட்டும் இன்னும் நம்பவில்லை

போன ஞாயிறு காலை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் கூப்பிட்டார். "அண்ணே, லித்தியம் பேட்டரி விலை நல்லா இறங்கியிருக்கு. நம்ம கோல்ஃப் கார்ட்டுக்கும் மாத்திடலாமா? நீங்க மாத்தி மூணு வருஷமாச்சே, ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் கேட்ட நேரமும் சரியில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான், வீட்டுக்கு முக்கால் மைல் இருக்கும்போது என் லித்தியம் கார்ட் நடுப்பாதையில் படுத்துவிட்டது. நானும் மகனும் தள்ளிக்கொண்டே வந்தோம். பின் சீட்டில் ஒரு வாரத்துக்கான மளிகை. எதிரே வந்த ஒவ்வொரு கார்ட்டும் நின்று "உதவி வேண்டுமா" என்று கேட்டது இன்னும் மோசம்.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்குத் தெற்கே பீச்ட்ரீ சிட்டி. 1959இல் திட்டமிட்டு உருவாக்கிய ஊர். கோல்ஃப் கார்ட் போவதற்கென்றே ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்கு மரங்களுக்கு நடுவே தனிப்பாதை இருக்கிறது. நெடுஞ்சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கம், இல்லாவிட்டால் மேலே பாலம். மெக்கின்டாஷ் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் ஓட்டிவரும் கார்ட்டுகளை நிறுத்தத் தனி இடமே உண்டு. நம்மூரில் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டி போல இங்கே வீட்டுக்கு ஒரு கார்ட். இதில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதில்லை.

2018இல் பழைய வண்டியாக வாங்கினேன். 48 வோல்ட், சீட்டுக்கு அடியில் ஆறு 8 வோல்ட் ஈய அமில பேட்டரிகள். ஒவ்வொன்றும் 29 கிலோ சொச்சம். ஆறுக்கும் சேர்த்து மூடி 24. மாதம் ஒரு சனிக்கிழமை அந்த 24 மூடியையும் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஊரில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அங்கே ஒரு பேட்டரி, இங்கே ஆறு. அதுவும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது திரவம் பொங்கி வழியும். வழிந்தது என் ஜீன்ஸில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. துவைத்து எடுக்கும்போதுதான் சல்லடையாகத் தெரியும். டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பச்சைத் தூளை ஆப்பசோடா கரைத்துக் கழுவுவேன். "ஏங்க, இட்லிக்கு வெச்ச சோடா எங்க?" என்று மனைவி கேட்காத மாதம் கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது 2022 கோடையில் நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு முதல்முறையாக இரண்டு மாதம் மதுரைக்குப் போனோம். கிளம்புகிற அவசரத்தில் கார்ட்டைச் சார்ஜரில் மாட்டவில்லை, சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சை, மின்சாரத்தைத் துண்டிக்கும் 'டோ' பக்கம் தள்ளவும் இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாகக் குடித்தே ஆறையும் காலி செய்துவிட்டது. திரும்பி வந்து சார்ஜரை மாட்டினால் அது தொடங்கவே இல்லை. பேட்டரியில் ஓரளவு வோல்டேஜ் மிச்சம் இருந்தால்தான் அந்த மாதிரி சார்ஜர் வேலையை ஆரம்பிக்கும். ஈய பேட்டரியைக் காலியாகப் போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும், பிறகு என்ன ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. அந்த செட் அப்படியே போயிற்று. அந்த எரிச்சலில்தான் அக்டோபரில் லித்தியம் வாங்கினேன். பேட்டரியும் சார்ஜருமாக 2,400 டாலர். இன்று அதே அளவு 1,500க்குப் போகிறது என்று நண்பர் சொன்னபோது வயிறு எரிந்ததை மறைக்கப்போவதில்லை.

வாங்கும்போது பலரும் தடுமாறுவது ஆம்பியர்-மணிக் கணக்கில். நண்பரும் அதைத்தான் கேட்டார்: "170 இருந்த இடத்துல 105 போட்டிருக்கீங்களே, குறைச்சல்தானே?" குறைச்சல் இல்லை. ஈயத்தில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் தேயும். ஆகவே 8 கிலோவாட்-மணி என்று காகிதத்தில் இருந்தாலும் கையில் நிற்பது 4தான். லித்தியத்தில் 51.2 வோல்ட், 105 ஆம்பியர்-மணி என்றால் 5.4 கிலோவாட்-மணி. அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தைரியமாகச் செலவழிக்கலாம்.

ஆனால் "பழையதை எடு, புதியதை வை, ஓட்டு" என்ற கதையை நம்ப வேண்டாம். எனக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. என் வண்டியின் முகப்பு விளக்கும் ஹாரனும் ஆறு பேட்டரியில் இரண்டிலிருந்து தனியாக வயர் இழுத்து ஓடிக்கொண்டிருந்தவை. இப்போது இருப்பது ஒரே பெட்டி, நடுவில் வயர் இழுக்க இடம் கிடையாது. 12 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. முதல்முறை சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம், பேட்டரி தானாகவே அணைந்துகொண்டது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மடக்கில் மின்சாரத்தை இழுக்கின்றன. ஈயம் அதைக் கண்டுகொள்ளாது. லித்தியத்துக்குள் இருக்கும் காவல்கார சர்க்யூட்டான பி.எம்.எஸ். எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று பயந்து கதவைச் சாத்திவிடுகிறது. பேட்டரியைக் கன்ட்ரோலரோடு சேர்க்கும் சுவிட்சான சாலினாய்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் மாட்டினால் சரியாகிவிடும். பழைய வண்டியில் அது எப்போதோ கருகிப்போயிருந்திருக்கிறது. ஐந்து டாலர் சாமான். அதைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல்.

"இது போன் பேட்டரி மாதிரி வெடிக்காதா?" என்று மனைவி கேட்டார். கராஜுக்கு மேலேதான் பிள்ளைகளின் படுக்கையறை, கேட்கத்தான் வேண்டும். இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. போனில் இருப்பதை விடச் சூட்டைத் தாங்கும், எளிதில் பற்றிக்கொள்ளாது. சொல்லப்போனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விட்டுக்கொண்டிருந்தது பழைய ஈயம்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1990களில் உருவாக்கிய வேதியியல் இது. அவருக்கு 2019இல், 97 வயதில் நோபல் கொடுத்தார்கள். பெயரிலேயே 'இந்த அளவு நல்லா இருந்தா போதும்' என்று வைத்திருந்த மனிதர். என் சார்ஜ் மீட்டரும் அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

மீட்டருக்கு வருமுன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும்.

174 கிலோ இருந்த இடத்தில் இப்போது 48 கிலோ. பின் சீட்டில் எப்போதும் ஓசியில் சவாரி செய்துகொண்டிருந்த இரண்டு ஆட்கள் இறங்கிப்போன மாதிரி. ஏரிப் பக்கத்து மேட்டில் முன்பெல்லாம் முனகிக்கொண்டு ஏறும், பின்னால் வருகிறவர் பொறுமையிழந்து மணி அடிப்பார். இப்போது சமதரையில் போகிற வேகத்திலேயே ஏறுகிறது. முதல் நாள் ஏறி முடித்ததும் மகள் "அப்பா, திரும்ப!" என்றாள். மூன்று முறை ஏறி இறங்கினோம். பாதி காலியான பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. முன்பு ராத்திரி முழுக்க சார்ஜர் உறுமும். பாதியில் பிடுங்கினாலும் பாவமில்லை. மூன்று வருடத்தில் ஒரு மூடியைத் திறக்கவில்லை, ஒரு ஜீன்ஸ் ஓட்டையாகவில்லை. சின்னக் குறை ஒன்று, ஈயத்தின் பாரத்துக்கென்று செய்த பின் ஸ்பிரிங் இப்போது விறைப்பாகிவிட்டது. மரவேர் தூக்கிய இடங்களில் தூக்கிப் போடுகிறது. பழகிவிட்டது.

2022 கிறிஸ்துமஸ் குளிரில் ஒரு பயம் காட்டியது. மைனஸ் பத்துக்கும் கீழே போன இரவுகள் அவை, கராஜ் கதவோ சரியாக மூடாது. காலையில் சார்ஜர் மாட்டினால் ஏறவில்லை. அவ்வளவுதான், 2,400 போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். பூஜ்யத்துக்குக் கீழே லித்தியத்தில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும், அதனால் பி.எம்.எஸ். மறுத்திருக்கிறது. குளிர் விட்டதும் ஒன்றுமே நடக்காதது போல ஏறிற்று. அது செய்தது சரி. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

சொல்லாமல் செய்வது, அதுதான் இதன் குணம். ஈய பேட்டரி கிழட்டு மாடு. களைத்தால் நடை தளரும், மேட்டில் மூச்சு வாங்கும், நமக்குப் புரியும், வீட்டுக்குத் திருப்புவோம். என் பெரியப்பா ஒருவர் இருந்தார். எப்போது விசாரித்தாலும் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். அப்படிச் சொன்ன வாரத்திலேயே ஐ.சி.யூ.வில் பார்த்தோம். லித்தியம் என் பெரியப்பா.

காரணம் புரியாமல் இல்லை. வண்டியோடு வந்த மீட்டர் வோல்டேஜைப் பார்த்துக் கோடு காட்டுவது. ஈயத்தில் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், அதனால் பொருந்தும். லித்தியத்தில் முக்கால் சார்ஜுக்கும் கால் சார்ஜுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு வோல்ட் சொச்சம்தான். அந்த மீட்டருக்கு எல்லாமே 'ஃபுல்'. கடைசியில் மலையிலிருந்து விழுவது போல விழும். ஆகவே பேட்டரியோடு கொடுத்த ஆப்பைப் போட்டேன். பேட்டரி பார்க்க அதற்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமாம். ஒரு சமயத்தில் ஒரு போனோடுதான் பேசும். மகன் போன் பிடித்துக்கொண்டால் எனக்குக் கிடைக்காது. அப்புறம் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று மாட்டினேன். வருவது போவது இரண்டையும் ஆம்பியர் ஆம்பியராக எண்ணும் கணக்குப்பிள்ளை. இனி கவலையில்லை என்றுதான் நினைத்தேன்.

கணக்குப்பிள்ளைக்குச் சில்லறை தெரியவில்லை. கன்ட்ரோலர் சும்மா இருக்கும்போது உறிஞ்சும் சிறு மின்சாரம் அதன் பேரேட்டில் ஏறுவதில்லை. அந்தப் பிழை முழுதாக 100 சதவீதத்துக்குப் போய் நின்றால்தான் நேராகும். நானோ "80க்கு மேல் ஏற்றாதே, ஆயுள் கூடும்" என்ற அறிவுரையைக் கேட்டு மாதக்கணக்கில் 80லேயே பிடுங்கிக்கொண்டிருந்தேன். முழுதாக ஏறாததால் உள்ளே இருக்கும் 16 செல்களும் சமனாகவில்லை. ஒரு செல் மட்டும் பின்தங்கியிருந்திருக்கிறது. அது காலியானதும் மற்ற 15ஐயும் சேர்த்து பி.எம்.எஸ். அணைத்துவிட்டது. சனிக்கிழமை நாங்கள் தள்ளிக்கொண்டு வந்தபோது மீட்டர் காட்டியது 31.

விற்ற கடைக்குப் போன் செய்தால், "மாதம் ஒருமுறை ஃபுல் பண்ணணும் சார், அது எல்லாருக்கும் தெரியுமே" என்கிறார்கள். கையேட்டில் தேடினேன், அந்த வரி இல்லை. தப்பில் பாதி என்னுடையது. பாதிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே: பழைய ஈயச் சுமையோடு நின்றிருந்தால் முக்கால் மைல் தள்ளியிருக்கவே முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் சொன்னார், "அப்ப வாங்கலாம்னு சொல்றீங்க."

"வேண்டாம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். அவருடைய ஈய செட் போன வருடம் போட்டது. பள்ளிக்கூடம், நீச்சல் குளம் என்று ஒரு நாளைக்கு நாலு மைல் ஓடினால் பெரிது. இந்தியாவுக்குப் போனாலும் மூன்று வாரத்தில் திரும்பிவிடுகிறவர். தண்ணீர் ஊற்றச் சோம்பல் இல்லாத ஆள், சட்டையை இஸ்திரி போட்டுத்தான் கார்ட் ஓட்டுவார். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு 1,500 டாலரை எடுத்து வைப்பானேன்?

"அப்ப நீங்க திரும்பவும் ஈயத்துக்குப் போவீங்களாண்ணே?"

"செத்தாலும் மாட்டேன்."

சாயங்காலம் வந்தார். கராஜ் அலமாரியில் மூன்று வருடமாகத் தூசி பிடித்துக்கிடந்த, பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். முழு சார்ஜில் 1.265க்கு மேல் காட்ட வேண்டும், ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் அதைக் கவனி என்று சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மிதவை, அவ்வளவுதான் அந்தக் கருவி. பொய் சொல்லத் தெரியாது. மிச்சமிருந்த டிஸ்டில்டு வாட்டர் கேனையும் கொடுக்கப் போனபோது, "அது என் இஸ்திரிப் பெட்டிக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் போனதும் கார்ட்டைச் சார்ஜரில் மாட்டினேன், இந்த முறை முழுதாக ஏறட்டும் என்று. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வந்து பார்த்தேன். மீட்டர் 100 காட்டிக்கொண்டிருந்தது. சார்ஜரில் இன்னும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.