போர்மட்டா, டம்ப் கோப்பா, ரேம் சோதனையா: நீலத் திரைக்கு எதை முதலில் செய்வது?

மட்டக்களப்பில் லேப்டொப் நீலத் திரை காட்டி விழுகிறது (விண்டோஸின் ஓட்டம் சட்டென்று நின்றுபோகிறது) என்று கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "போர்மட் பண்ணித் தாறன் தம்பி, சரியாகிரும்" என்பதுதான். சில நேரம் சரியாகியும் விடும். பழுது ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருந்தால் ஒரு கிழமையில் அதே திரை திரும்ப வரும். அதற்குள் போர்மட் கூலி போயிருக்கும், பாமினி எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் போயிருக்கும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளையின் பாதி எழுதிய ஆய்வறிக்கையும் போயிருக்கலாம். அதனால் என் வரிசையில் போர்மட் கடைசியில் வருகிறது.

எந்த வழியை எடுப்பதென்று முடிவுசெய்ய முதலில் வேண்டியது திரையில் வரும் பிழைக்குறியீடு. சிஸ்டம் அமைப்புகளில் தானாக மீளத் தொடங்கும் தெரிவை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். (2025 இல் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்புக்கு வந்த மாற்றத்தில் நீலம் போய்க் கறுப்புத் திரை வந்துவிட்டது. டிஸ்ப்ளே போய்விட்டதென்று பயப்பட வேண்டாம், குறியீடு அதிலும் இருக்கும்.) இரண்டு மூன்று தடவை விழுந்த பிறகு குறியீடுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே குறியீடு, அதே ட்ரைவர் (ஒரு வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பெயர் என்றால் மென்பொருள் பக்கம் சாய்கிறது. இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், மறுநாள் வேறொன்று என்று மாறிக்கொண்டே போனால் நான் முதலில் ரேமைத்தான் சந்தேகிப்பேன். ஹியா அன்கரெக்டபிள் எரர், அதாவது 124 ஆம் எண், வன்பொருளே கொடுக்கும் முறைப்பாடு. அதற்குப் போர்மட் அடிப்பது பெரும்பாலும் வீண் வேலை.

விழுந்த நேரத்தின் பதிவு, அதாவது டம்ப் கோப்பு, விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் சேரும். அதைப் படிக்க இரண்டு கருவிகள் உண்டு. நிர்சொப்டின் புளூஸ்கிரீன்வியூ சின்னது, இலவசம், திறந்த உடனே பட்டியல் வந்துவிடும். ஆனால் குற்றவாளி என்று அது காட்டுவது அடிக்கடி விண்டோஸின் கெர்னல் (அதன் மையப்பகுதி) கோப்பாகவே இருக்கும். அதைப் பார்த்து "விண்டோஸ்தான் பழுது" என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். விழுந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது கெர்னல் என்பதற்கு மேல் அந்தப் பெயர் பெரிதாக எதுவும் சொல்லாது. மைக்ரோசொப்டின் விண்டிபக் இன்னும் ஆழமாகப் போகும். அனலைஸ் கட்டளையைக் கொடுத்தால் எந்த ட்ரைவரின் வழியாக விழுந்தது என்பதைப் பல தடவை பிடித்துக் கொடுக்கும். முதல் தடவை டம்ப்பைப் படிக்க வேண்டிய சிம்பல் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும், ஹொட்ஸ்பொட்டில் இருப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். குறியீடுகளை வேகமாக ஒப்பிட்டுப் பார்க்க முதலாவது போதும். ஆளைப் பிடிக்க இரண்டாவதுதான் வேண்டும்.

வைஃபை, கிராஃபிக்ஸ் அல்லது அன்டிவைரஸ் ட்ரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேலை சுலபம். லேப்டொப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த ட்ரைவரை மட்டும் புதிதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் ஒரேயொரு தவறான புதுப்பிப்பு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் விவகாரத்தில் உலகமே பார்த்தது. மைக்ரோசொப்டின் கணிப்பில் 85 இலட்சம் விண்டோஸ் கருவிகள் பாதிக்கப்பட்டன. அவற்றின் ரேமிலும் டிஸ்க்கிலும் ஒரு பழுதும் இல்லை.

ரேம் பக்கம் வந்தால் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. விண்டோஸுடனேயே வரும் மெமரி டயக்னொஸ்டிக்குக்குப் பென் ட்ரைவ் வேண்டாம், பயொஸை (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையை) தொடவும் வேண்டாம். அது பிழை காட்டினால் நம்புங்கள். "பிழை இல்லை" என்றால் மட்டும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம், அதன் சாதாரண சோதனை மேலோட்டமானது. மெம்டெஸ்ட்86 பென் ட்ரைவிலிருந்து ஓடும். இலவசப் பதிப்பில் நான்கு சுற்றுகள், 16 ஜிபி ரேம் என்றால் பல மணி நேரம் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால், பற்றரி செத்த லேப்டொப்பில் மறுபடி தொடக்கத்திலிருந்துதான். ஆகவே இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது நல்லது. ஒரேயொரு பிழை வந்தாலும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, நல்ல ரேமில் எண்ணிக்கை பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: பயொஸில் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும்) அமைப்பை மாற்ற வேண்டி வந்தால், அதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியை மைக்ரோசொப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் நீலத் திரையை விடப் பெரிய தலையிடி அது.

மூன்றாவது வழி கழற்றிப் பார்ப்பது. நம் ஊருக்கு இதுதான் அதிகம் பொருந்தும் என்பேன். இங்கே ஓடும் லேப்டொப்களில் நிறைய இரண்டாம் கை. வாங்கிய பிறகு கடையில் இன்னொரு ரேம் ஏற்றியிருப்பார்கள், வேறு நிறுவனம், வேறு வேகம். சாஜரைக் கழற்றி, பற்றரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ஒரு ரேமை மட்டும் வைத்துச் சில நாள் பாவியுங்கள். பிறகு மற்றதை வைத்துப் பாருங்கள். விழுகை ரேமோடு சேர்ந்து நகர்கிறதா, இல்லை எந்த ரேமைப் போட்டாலும் அதே ஸ்லொட்டிலேயே (ரேம் செருகும் இடத்திலேயே) நிற்கிறதா? ஸ்லொட்டில் நின்றால் பழுது மதர்போர்டில். கல்லடி, காத்தான்குடி மாதிரிக் கடலோரத்தில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து படிகிற இடத்தில், கழற்றித் துடைத்து மாட்டிய உடனே நின்றுபோவதும் உண்டு. ரேம் போர்டோடு ஒட்டி வந்த மெல்லிய லேப்டொப்பில் இந்த வழி கிடையாது, மெம்டெஸ்ட்தான் கதி.

ட்ரைவர் வெரிஃபயரை இணையத்தில் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். அது சந்தேகமான ட்ரைவர்களை வேண்டுமென்றே நெருக்கி விழவைக்கும் கருவி. டம்ப்பில் ஒன்றும் பிடிபடாமல், ரேமும் சுத்தம் என்று தெரிந்த பிறகு மட்டும் போடுங்கள், அதுவும் மைக்ரோசொப்ட் அல்லாத ட்ரைவர்களுக்கு மட்டும். விண்டோஸ் திறக்கவே மறுத்தால் சேஃப் மோடில் (தேவையான ட்ரைவர்களோடு மட்டும் திறக்கும் முறையில்) போய் வெரிஃபயரின் அமைப்பை ரீசெட் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

சூட்டையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கட்டிலில் மெத்தை மேல் வைத்த லேப்டொப் நெருப்பாய்க் கொதிக்கும். சூடு எல்லை மீறினால் வழக்கமாக லேப்டொப் குறியீடு எதுவும் காட்டாமல் சட்டென்று அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 மட்டும் இருக்கும், டம்ப் இருக்காது. அப்போது பார்க்க வேண்டியது விசிறி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட், சாஜர்.

சரி, போர்மட் எப்போது? டிஸ்க்கின் நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நல்லதென்று சொல்லி, ரேமும் தேறி, ட்ரைவர்களும் புதிதாகி, அப்படியும் விழுந்தால். அப்போதும் விண்டோஸ் அமைப்புகளில் உள்ள ரீசெட்டை விடப் பென் ட்ரைவிலிருந்து சுத்தமாகப் போடுவதே மேல். கோப்புகளை வைத்துக்கொள்ளும் ரீசெட் மென்பொருள்களை எப்படியும் அழித்துவிடும். கிளவுட் வழியாகப் போனால் ஏறத்தாழ 4 ஜிபி டேட்டாவும் போகும். சுத்தமாக நிறுவும்போது நடுவிலேயே நீலத் திரை வந்தால் பழைய விண்டோஸ் மேலோ பழைய ட்ரைவர் மேலோ பழிபோட முடியாது. வன்பொருள்தான் என்று ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

உத்தரவாதக் காலம் முடியாத லேப்டொப் என்றால் திருகாணியைத் தொடாமல், மெம்டெஸ்ட் திரையின் படத்தையும் மினிடம்ப் கோப்புறையின் பிரதியையும் சேர்த்து வாங்கிய இடத்திலேயே கொடுங்கள். கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றால், அந்த இரண்டும் இல்லாமல் போகும் லேப்டொப் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்ற துண்டோடு திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.