பொம்மையா, அனிமேஷனா, வெளிப்புறப் படப்பிடிப்பா?

பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கல்வித் தொடர். 13 அங்கம், அங்கத்துக்கு 22 நிமிடம். சிங்கப்பூரில் இதற்குப் பட்ஜெட் போட உட்கார்ந்தால் பலருடைய கை முதலில் அனிமேஷன் பக்கம்தான் போகும்.

கணக்கைப் பாருங்கள். ஓர் அங்கத்தில் பாதியான 11 நிமிடக் கதைக்கு, வினாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) வீதம் 16,500 சட்டங்கள். இரண்டு சட்டத்துக்கு ஓர் ஓவியம் என்று சிக்கனம் பிடித்தாலும் 8,250. கணினியில் அசைக்கும் கதாபாத்திரங்கள் இந்த வேலையைப் பெரிதும் குறைக்கும், உண்மைதான். ஆனால் அனிமேட்டிக் (ஓவியங்களைக் குரலோடு வரிசையாகக் கோத்த மாதிரிப் படம்) ஒப்புதலான பிறகு தமிழாசிரியர் வந்து "இந்த வாக்கியம் பிள்ளைகளுக்குப் புரியாது" என்றால், குரல்பதிவிலிருந்து வாயசைவுவரை மறுபடியும் செலவு. மலாயிலும் சீனத்திலும் டப்பிங் செய்து விற்க வழியிருந்தால் மட்டும் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

வெளிப்புறப் படப்பிடிப்பு மலிவாகத் தெரியும். நடிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தொடர்ந்து பல நாள் கிடைப்பதோ ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதியிலும்தான். மதிய இடிமழை, வசனத்துக்கு நடுவே விமானம், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்ற அனுமதி. போதாக்குறைக்கு ஏழு வயது நாயகனுக்கு மூன்றாம் அங்கத்தில் முன்பல் விழும், இரண்டாம் அங்கத்தின் மிச்சக் காட்சி அப்படியே நிற்கும்!

என் ஓட்டு பொம்மைக்கு. ஒரே செட், அடுத்தடுத்துப் பல அங்கங்கள், வசனத்தைப் படப்பிடிப்பன்றே மாற்றலாம். மறைந்திருக்கும் செலவும் உண்டு. பொம்மலாட்டக்காரர் நின்று வேலை செய்யத் தரையிலிருந்து செட்டை உயர்த்த வேண்டும், முக்கியப் பொம்மைக்கு மாற்று ஒன்று வேண்டும். தலைக்குமேல் கையைத் தூக்கிப் பிடித்து, கண் மானிட்டரில் வைத்து ஆட்டுபவருக்கு அடிக்கடி ஓய்வு கொடுக்காத கால்ஷீட் (படப்பிடிப்பு நேர அட்டவணை) வெறும் காகிதம். எண், எழுத்துப் பகுதிகளை மட்டும் இரண்டு நிமிட அனிமேஷனாகச் செய்து தொடர் முழுக்கத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எதை எடுத்தாலும் பலரும் முதலில் வெட்டுவது, பிள்ளைகளிடம் போட்டுக் காட்டிப் பார்க்கும் முன்னோட்டச் சோதனைக்கான பணத்தை. 1969இல் அமெரிக்கச் சிறுவர் தொடரான செசமி ஸ்ட்ரீட் ஒளிபரப்பாகுமுன் சோதித்தபோது, மனிதர் மட்டும் வரும் தெருக் காட்சிகளில் பிள்ளைகளின் கவனம் சிதறியது. பொம்மைகளைத் தெருவுக்குக் கொண்டுவர முடிவெடுத்த பிறகுதான் பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மை பிறந்தது. ஆகவே தற்செயல் செலவுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்குங்கள், சோதனைப் பணத்தை அதில் சேர்க்காமல், பொம்மை தைக்கக் கொடுக்குமுன் செலவாகும்படி தனி வரியில் எழுதுங்கள்.