பிஎஸ்2 மெமரி கார்டில் சாஃப்ட்வேர் ஏற்றித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்: 4,500 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,500 ரூபாயும் போய், அண்ணனும் நானும் பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடிச் சேமித்த மெமரி கார்டும் காலி.

என்னிடம் இருப்பது சோனியின் கேம் கன்சோல் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2), மெலிந்த 'ஸ்லிம்' மாடல், 90000 வரிசை. லென்ஸ் தேய்ந்துபோய்ப் பாதி டிஸ்க்கைப் படிப்பதில்லை. 2013 வாக்கிலேயே தயாரிப்பு நின்றுவிட்ட கன்சோல். மெமரி கார்டில் ஃப்ரீ மெக்பூட் என்ற சாஃப்ட்வேரை ஏற்றினால் பென் டிரைவிலிருந்தே கேமை ஓட்டலாம் (பிஎஸ்2-வில் இருப்பது மெதுவான யுஎஸ்பி 1.1 என்பதால் வீடியோ திக்கும், பரவாயில்லை). பயாஸையும் (கன்சோலுக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) சேவ் ஃபைல்களையும் வெளியே எடுத்தால், கம்ப்யூட்டரில் பிஎஸ்2 கேமை ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதுதான் என் திட்டம்.

மெக்பூட் ஏற்றித் தரச் சொல்லிப் போனது, பழைய கேம் கன்சோல்களைச் சரிசெய்யும் கடை ஒன்றுக்கு. கவுன்ட்டரில் ஒரு குண்டு பிஎஸ்2 (ஸ்லிமுக்கு முந்தைய தடித்த மாடல்) ஹார்டு டிஸ்க்கில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என் கார்டை வாங்கி, அதன் முனையை இயர் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்தார். "ஒரிஜினல் சோனி கார்டு, இனிமே கிடைக்காது சார், பத்திரமா வெச்சுக்கோங்க" என்றார். அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை வந்தது. சேவ் எதுவும் அழியக்கூடாது என்று சொன்னேன். "அது என் பொறுப்பு." 4,500 ரூபாயை அங்கேயே முழுசாக ஜிபேயில் போட்டேன்.

வீட்டில் ஆன் செய்தால் மெக்பூட் ஓடவில்லை, வழக்கமான சோனி மெனுதான் வருகிறது. கார்டுக்குள் போனால் மெக்பூட் ஃபைல்கள் மட்டும். பழைய சேவ் ஒன்றுகூட இல்லை.

2008 கடைசியிலிருந்து வந்த 90000-களில் பயாஸ் 2.30. மெக்பூட் போல கார்டிலிருந்து பூட் ஆகும் (தொடங்கும்) வழியை சோனி அதில் அடைத்துவிட்டது. இந்த வேலையே செய்கிறவர்களுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரியும். அந்த குண்டு பிஎஸ்2-வில் கார்டைச் செருகி, ஃபார்மட் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். என் கன்சோலில் போட்டுப் பார்க்கவே இல்லை!

போன் செய்தால், "பையன் லீவு சார், வந்ததும் பார்க்கச் சொல்றேன்." அப்புறம், "உங்க செட்டு பழசு சார்." பழசு என்றுதானே ஐயா உங்களிடம் கொண்டுவந்தேன்? சேவ் பற்றிக் கேட்டதற்கு, "மறுபடி விளையாடுங்க, ஜாலிதானே" என்று சிரிப்பு வேறு. 4,500-ஐத் திருப்பிக் கேட்டேன். "சாஃப்ட்வேர் காசு ரிட்டர்ன் கிடையாது." அந்த சாஃப்ட்வேர் இலவசம். யாரோ சும்மா செய்து கொடுத்ததற்கு இவர் 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். இப்போது போனே எடுப்பதில்லை.

விவரமாக ஒரு கையேடு எழுதலாம் என்றிருந்தேன், இப்போது பொறுமையில்லை. ஸ்டிக்கரில் டேட் கோட் (தயாரித்த காலத்தின் குறியீடு) 8டி, அதாவது 2008 கடைசி, அல்லது அதற்குப் பிந்தையதா? கார்டு வழி வேண்டாம், டிவிடி போட்டுத் தொடங்கும் ஃப்ரீ டிவிடி பூட் தெரியுமா என்று கேளுங்கள் (லென்ஸ் டிவிடி படிக்க வேண்டும்). சேவ் உள்ள கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், காலி கார்டு வாங்கிக் கொடுங்கள். உங்கள் கன்சோலில் ஓட்டிக் காட்டாமல் முழுப் பணம் தராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், 4,500 வரும்வரை விடுவதாக இல்லை.