கரப்பான் பூச்சியின் மேலுறை: 10 ஸ்லைடுகள் அடங்கிய பெட்டி பற்றி

பூச்சிகளின் புறக்கூடு, அதாவது மேலுறை, உருவாகும் விதத்தைப் படிப்படியாகக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் இந்த நுண்ணோக்கி ஸ்லைடு பெட்டியை ஒரு மாதமாக மாணவர்களுடன் பயன்படுத்தி வருகிறேன். 10 ஸ்லைடுகளும் கரப்பான் பூச்சியின் வயிற்றுப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டவை.

நான்காவது ஸ்லைடுக்காகவே இதை வாங்கலாம். தோலுரிப்பதற்குச் சற்று முந்தைய நிலையின் வெட்டுமுகம் அது. 40 மடங்கு பொருளருகு லென்ஸில் பார்த்தால், மேலே பழைய மேலுறையும், அதன்கீழ் தோலுரிப்புத் திரவம் நிறைந்திருந்த இடைவெளியும், அதற்கும் கீழே சுருக்கம் சுருக்கமாக மடிந்து கிடக்கும் புதிய மேலுறையும், அதைச் சுரந்த ஒற்றை அடுக்குச் செல்களும் ஒருசேரத் தெரிகின்றன. திரவத்தின் நொதிகள் பழைய மேலுறையின் உள்ளடுக்கைக் கரைக்கின்றன. கரைந்தது மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. புதியதை அந்த நொதிகள் தொடாதிருப்பதற்குக் காரணம், எல்லாவற்றுக்கும் முதலாவதாகச் சுரக்கப்படும், கைட்டின் (மேலுறையின் இழைப்பொருள்) இல்லாத மெல்லிய மேற்படலம். பழைய கூட்டை விட்டு வெளிவரும் பூச்சி காற்றை விழுங்கி உடலை உப்பச் செய்யும்போது மடிப்புகள் விரிகின்றன.

ஸ்லைடு இவ்வளவு தெளிவாகக் காட்டுவதை உடன்வரும் கையேடு மறுக்கிறது: பழைய கூடு கழன்ற பின்னரே புதியது சுரக்கத் தொடங்கும் என்கிறது. தோலுரித்த பிறகும் உள்ளடுக்கு தொடர்ந்து படிகிறது என்பதை எழுதியவர் குழப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறாவது ஸ்லைடை ஒளிமுனைவாக்கும் தாள்கள் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) இரண்டின் நடுவே வைத்துப் பார்த்தோம். கைட்டின் இழைகள் சுழற்படிக்கட்டுபோல் அடுக்குக்கு அடுக்கு சற்றே திரும்பி அமைந்திருப்பதால், வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரிகளாகத் தெரிந்தன; கையேடு இதைக் குறிப்பிடவே இல்லை.

எட்டாவது ஸ்லைடில் குறை உண்டு. தோலுரித்த வேளையில் வெள்ளையாக இருக்கும் பூச்சி, குயினோன்கள் என்னும் வேதிப்பொருள்கள் மேலுறையின் புரதங்களைப் பிணைப்பதால் சில மணி நேரத்தில் பழுப்பேறி இறுகிவிடுகிறது. அப்படி இறுகிய அடுக்கை, மெல்லிய சீவல்களாக வெட்டும் கருவியான மைக்ரோடோமின் கத்தி சீராக வெட்டாது. எனக்கு வந்ததில் அது கிழிந்திருந்தது. நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப் படலத்தையும் இந்தப் பெட்டியில் தேட வேண்டாம். ஸ்லைடு தயாரிப்பில் பயன்படும் கரைப்பான்களிலேயே அது போய்விடும்.

விற்பனையாளருக்கு எழுதியதும் கிழியாத எட்டாவது ஸ்லைடை அனுப்பிவைத்தார்கள். கையேடு மட்டும் பழையதே வந்தது.