கால் பெருவிரல் எலும்பு ஆபரேஷன்: பாளையங்கோட்டையில் அம்மாவுக்குச் செய்தது

அம்மாவுக்கு வலது காலில் பெருவிரல் அடியில் எலும்பு புடைத்து, அந்த விரல் சாய்ந்து அடுத்த விரல் மேல் ஏறிவிட்டது. ஹாலக்ஸ் வால்கஸ் என்றார் டாக்டர். அகலமான செருப்பு, சிலிக்கோன் பட்டை எல்லாம் போட்டும் வலி குறையாததால்தான், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பாதம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பை வெட்டி நேராக்கி ஸ்குரூ வைத்தார்கள், மறுநாளே வீடு. சர்ஜன் அருமையானவர், நர்ஸுகளும் தங்கமானவர்கள்.

ஆனால் அதற்கப்புறம் வரும் நாட்களைப் பற்றி யாரும் விளக்கவில்லை, அதில் எனக்கு உண்மையிலேயே கோபம். முதல் 2 வாரம் காலைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தே படுக்க வேண்டும், தொங்கப்போட்டால் வீங்கித் துடிக்கிறது. சுமார் 6 வாரம் குதிகாலில் பாரம் தாங்கும் தனிச் செருப்புதான். வீக்கம் முழுசாக வடிய மாதக்கணக்கில் ஆகும், அம்மா பயந்தே போனார்கள். வாக்கரை முன்னாடியே வாங்கி வையுங்கள். எங்கள் டவுன் வீட்டில் கழிப்பறை பின்கட்டில், 2 படி இறங்க வேண்டும். முதல் வாரம் அதுதான் பெரும்பாடு.