கோலோனில் இறங்கினால்: கப்பல் சுற்றுலாவா, தனி வண்டியா?

பனாமா கால்வாயின் கரீபியன் கடல் முனையில் உள்ள துறைமுக நகரம் கோலோன். கால்வாய்ப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்த மும்பை மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அங்கே கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போவதா, தனி வண்டி பிடிப்பதா என்பதைத்தான்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்குக் காசு அதிகம். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் மந்தையாகப் போக வேண்டும். ஆனால் அந்த பஸ் நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் ஓட வேண்டியதுதான்.

தனி வண்டியின் சுகமே வேறு. சாக்ரெஸ் ஆற்று முகத்துவாரத்தில் சான் லொரென்சோ கோட்டை இருக்கிறது. 1980இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பாசி படிந்த மதிலருகே ஆற அமர உட்காரலாம். கப்பலை நீர் நிரப்பி உயர்த்தும் அகுவா கிளாரா நீர்ப்பூட்டில், கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டூன் ஏரிக்கு ராட்சதக் கப்பல் மூன்று படிகளில் ஏறுவதை அவசரமில்லாமல் பார்க்கலாம். கோலோன் தெருக்களில் மட்டும் காலாற நடக்க வேண்டாம். வழிப்பறி பயம் உண்டு.

வயதான பெற்றோர் உடன் வந்தால் கப்பல் சுற்றுலாதான். மற்றவர்களுக்கு, முன்கூட்டியே பேசிய வண்டி என்பேன்; வாடகையைப் போக வரச் சேர்த்துப் பேசுங்கள், கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள்.

எதில் போனாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பட 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் பனாமாவிலிருந்து நேரே மும்பையில் வந்திறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.